அப்பாவுக்கு அடிக்காத மணி

அப்பா செத்த வாரம் நான் சிறுபான்மையினர் உரிமைகளை ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருந்தேன். 1991, ஆடி மாதம். தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் இருந்த கிறிஸ்தவ அலுவலகம் அது. சைக்ளோஸ்டைலில் பிரதி எடுப்பதற்கு, தட்டச்சு மெஷினின் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் வெறும் எழுத்தை அடிக்க வேண்டும். கொஞ்சம் ஓங்கி அடித்தால் ‘ம’வின் வயிறு கிழிந்து தொங்கும். அதன்மேல் இளஞ்சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மறுபடியும் அடிக்க வேண்டும். மதம், மொழி, மனிதர், உரிமை என்று அந்தத் தாள்கள் முழுக்க ‘ம’தான்.

ஜெனீவாவில் நாடுகள் எல்லாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பரிந்துரைகள் அவை. இனத்தாலும் மொழியாலும் மதத்தாலும் சிறுபான்மையாக இருப்பவர்களை அரசாங்கங்கள் எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பது விஷயம். எங்கள் அலுவலகச் செயலாளர் அதைத் தமிழாக்குவார், நான் அடிப்பேன். சிறுபான்மையினர் தங்கள் சடங்குகளை ஒளிக்காமல், பயப்படாமல், பொதுவில் செய்ய முடிய வேண்டும் என்று ஒரு பகுதி வரும். அதைச் செயலாளர் ஏழு விதமாக எழுதி அடித்துத் திருத்தினார். கடைசியில் எது நின்றது என்று இப்போது எனக்கு நினைவில்லை. அந்த மாத முடிவில் ஜெனீவாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வரப்போகிறார், நேரில் கேட்டு எழுதிக்கொண்டு போகப்போகிறார் என்று அலுவலகமே பரபரத்துக் கிடந்தது.

எங்கள் ஊர் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி. இன்றைக்கு அந்த ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு போகின்றன. அன்றைக்குத் தாம்பரம் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு தூக்கம் போடலாம். ஊர்த்தெருவில் பல வீடுகளில் அம்மன் படம், சில வீடுகளில் சிலுவை. படம் வேறென்றாலும் சாதி ஒன்று. பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள், கல்யாணத்துக்காக ஒருவர் மற்றவர் மதத்துக்கு மாறிக்கொள்வார்கள். காலனியில் நாங்கள் எல்லாருமே கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் ஊர்த்தெருக் கிறிஸ்தவர்களுக்கும் சாமி ஒன்று, சாமியார் ஒருவர், கோயில் ஒன்று. கல்லறைத் தோட்டமும் ஒன்றுதான், நடுவில் ஒரு சுவர். அவர்கள் பக்கம் இரும்புக் கேட்டு. எங்கள் பக்கம் ஏரிக்கரையிலிருந்து இறங்குகிற ஒரு சந்து. சட்டப்படி இரண்டு பேரும் சிறுபான்மையினர். அந்த ஒரு சொந்தம்தான் எங்களுக்குள் இருந்தது.

அப்பா கோயில் பிள்ளை. கோயிலைப் பெருக்குவது, பீடத்துக்கு மெழுகுவத்தி வைப்பது, மணி அடிப்பது. மணிக்கயிறு ஊர்த்தெருக்காரர்கள் தொடுகிற பொருள் அல்ல. அது காலனிக்காரன் கைக்கு உரியது என்று என்றைக்கோ முடிவாகியிருந்தது. அந்தக் கயிற்றை அப்பா ராஜாங்கம் மாதிரி ஆண்டார். துக்கமணிக்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு அடி அடித்ததும் வாய்க்குள் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தை முழுக்கச் சொல்லி முடிப்பார். ஆமென் வந்த பிறகுதான் அடுத்த இழுப்பு. வயலில் நிற்கிறவர்களுக்கும் அது தெரியும். மணி கேட்டதும் அவர்களும் மந்திரத்தைத் தொடங்குவார்கள், ஆமென் சொல்லவும் அடுத்த அடி விழும். பிள்ளைப்பாக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா, இந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒழுங்காகத் தெரிந்தது இது ஒன்றுதான் என்பாள்.

கல்லறையில் சுவர் இருந்தாலும் மணி எல்லாருக்கும் பொது. எந்தத் தெருப் பிணமாக இருந்தாலும் அதே மணி, அதே இடைவெளி. அதில் அப்பாவுக்குக் கர்வம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த என் தம்பிக்கு அவரே கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்.

“நான் பூட்டா நீதான் அடிக்கணும். ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு பாதி மந்திரத்துல இஸ்துடாத” என்று அவனைச் சீண்டுவார்.

ஆடியில் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். ஊர் எல்லையில் குறுக்கே வேப்பிலைத் தோரணம் ஏறும். கூழ் ஊற்றிக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊருக்குள் சாவு மேளம் கூடாது, பிணம் தோரணத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்த வருஷம் காப்புக் கட்டியிருக்கும்போதே ரைஸ் மில்காரரின் தாயார் இறந்துபோனாள். மில்காரர் ஊர்த்தெருக் கிறிஸ்தவர், எங்கள் கோயில் சபைக்குத் தலைவர். வெற்றிலை பாக்கோடு போய் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்தார். பெரியவர்கள் அவருக்கு மாமன் முறை, மச்சான் முறை. கிழவி அவர்களுக்கும் அத்தைதான். ஒரு நீளக் கழியால் வேப்பிலைத் தோரணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பேண்டு வாத்தியத்தோடு பெட்டி அடியில் போயிற்று. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்பா அன்றைக்குக் காய்ச்சலோடு நின்று மணி அடித்தார். வீட்டுக்கு வரும்போது அவருடைய சட்டை நனைந்திருந்தது.

அந்தக் காய்ச்சலிலேயே அவர் போய்விட்டார். காப்பு இன்னும் அவிழ்க்கவில்லை.

தம்பி நேரே கோயிலுக்கு ஓடினான். மணிக்கூண்டு பூட்டியிருந்தது. சாவி எப்போதும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். இரண்டு நாள் முன்னால், அப்பாவுக்கு முடியவில்லை என்று தெரிந்ததும், சாமியார் ஆளனுப்பி அதை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்போது எங்களுக்கு அது உறைக்கவில்லை. அப்பா எழுந்திருக்கட்டும், அதுவரை வேறு யாராவது அடிக்கட்டும் என்று நினைக்கிறார்கள் என்று நினைத்தோம். அவர் உயிரோடு கிடக்கும்போதே அவருடைய சாவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நானும் தம்பியும் சாமியார் பங்களாவுக்குப் போனோம். மில்காரர் ஏற்கெனவே அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார். சாமியார் தெற்கத்திக்காரர், நல்ல மனுஷர் என்று பெயர். எங்களை உட்காரச் சொன்னார், என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார், அப்பா நேராக மோட்சத்துக்குப் போயிருப்பார் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஊரில் கொதிப்பாக இருக்கிறதாம். மணி அடித்தாலோ பெரிய ரோட்டு வழியாகப் பெட்டி போனாலோ பிரச்சினை வருமாம். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு நான்கு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் ஜீப் வந்து நிற்கிற காலமாம். நாம் சிறுபான்மை, நாம்தான் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்றார்.

போன வாரம் மில்காரர் தாயாருக்கு மட்டும் மணி எப்படி அடித்தது என்று நான் கேட்டேன். சாமியார் மில்காரரைப் பார்த்தார். மில்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது எங்க வூட்டு விசயம்மா. ஊருல நாங்க பேசிக்கினோம். உங்களுக்கு யாரு போயி பேசுறது?”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு சின்னத் தப்பைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி சொன்னார். நீங்கள் போய்ப் பேசக் கூடாதா என்று தம்பி கேட்டான். அவர் மிச்சக் காபியை முடித்தார். அன்றைக்கு அந்த டம்ளரை எடுத்து அவர் முகத்தில் அடித்திருந்தால் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

உச்சி வெயிலில் ஏரிக்கரை வழியாக அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனோம். ஏரியில் தண்ணீர் இல்லை, வெடித்த சேறுதான். ஊரில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் ஒன்று எங்கள் காலனியைப் பார்த்துத்தான் எப்போதும் கட்டப்படும். அதன் பாட்டில் சாமியார் சொன்ன செபம் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. கரைமேல் ஜீப் நின்றது. எங்கள் பாதுகாப்புக்காம். காலனிப் பெண்களை வாய்விட்டு அழ வேண்டாம் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அழவில்லை. குழியில் மண் விழுகிறபோது அவள் தலையைத் திருப்பிக் கோயில் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஐம்பது வருஷச் சாவுக்கெல்லாம் மணி அடித்தவருக்கு ஒரு அடி விழவில்லை.

லீவு முடிந்து தாம்பரம் போனேன். செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. மனுஷர் மறைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. வெள்ளைக்காரரிடம் காட்டுவதற்கு அவர் ஒரு மாதமாக ஒரு சம்பவம் தேடிக்கொண்டிருந்தார்.

“உங்க அப்பா கேஸ் நமக்கு ரொம்பப் பொருத்தமா அமைஞ்சிருக்கும்மா” என்றார்.

அதை எழுதிக் கொடுத்தார், நானே ஸ்டென்சில் வெட்டினேன். சிறுபான்மைக் கிறிஸ்தவர் ஒருவருக்குப் பெரும்பான்மையினரின் திருவிழாவை முன்னிட்டுத் துக்கமணியும் பொது வழியும் மறுக்கப்பட்டன. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மில்காரர் தாயாருக்கு மணி அடித்ததும் தோரணத்தைக் கழியால் தூக்கியதும் சுவரும் இல்லை. நான் அவற்றையும் இரண்டு வரியில் சேர்த்து அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதெல்லாம் நம் உள்வீட்டு விவகாரம், வெளி ஆளிடம் சொன்னால் நம் பலம் போய்விடும் என்றார். அந்த இரண்டு வரிமேல் இளஞ்சிவப்புத் திரவத்தை அவரே தடவினார். அவருக்குத் தடவத் தெரியவில்லை, தாள் ஒட்டிக்கொண்டு பாழாய்ப்போனது. நான் முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன்.

வெள்ளைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வந்தார். உயரமானவர், வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். நல்லவராகத்தான் தெரிந்தது. தாம்பரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கையில் வைத்திருந்தார், இறந்தவருக்குப் போட. பூசை முடிந்ததும் சாமியாரும் மில்காரரும் செயலாளரும் அவரைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். இறந்தவரின் மகள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். இரும்புக் கேட்டு வழியாக நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் சுவர் காம்பவுண்டுச் சுவர் மாதிரிதான் இருந்தது. அதற்குப் பின்னால் மனுஷர்கள் புதைந்திருப்பது தெரியாது.

சாமியார் ஒரு புது மண்மேட்டுக்கு முன்னால் நின்றார். மாலைகள் காய்ந்திருந்தன. மரச் சிலுவையில் பெயிண்டில் தமிழில் பெயர் எழுதியிருந்தது. அது மில்காரர் தாயாரின் பெயர். வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் செருப்பைக் கழற்றினார். அந்தக் கூட்டத்தில் கழற்றியது அவர் ஒருவர்தான். குனிந்து மல்லிகையை வைத்து, கண்ணை மூடி, என் அப்பாவுக்காக அந்தக் கிழவியிடம் செபம் செய்தார்.

நான் மில்காரரைப் பார்த்தேன். தாடை இறுகி நின்றார். அவருக்கும் அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். சுவரைக் காட்டாமல் இருப்பதற்காகத் தன் தாயை என் அப்பாவாக்கச் சம்மதித்திருக்கிறார். என் அப்பாவை அவள் பக்கத்தில் படுக்கவைக்க மட்டும் அவரால் முடியாது.

“இது எங்கப்பா இல்ல. இவரு அம்மா. எங்கப்பா செவுத்துக்கு அந்தாண்ட கீறாரு” என்றேன்.

வெள்ளைக்காரர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். மகள் துக்கத்தில் இருக்கிறாள், நீங்கள் வந்ததற்கு நன்றி சொல்கிறாள் என்று செயலாளர் இங்கிலீஷில் சொன்னார். அவருடைய இங்கிலீஷ் கடிதங்களை எல்லாம் அடிக்கிறவள் நான். அவருக்கு அது மறந்துபோயிருந்தது, அல்லது அதைப் பேசுகிற துணிச்சல் எனக்கு வராது என்று நினைத்திருந்தார். நான் தட்டுத்தடுமாறி இங்கிலீஷிலேயே சொன்னேன். நீங்கள் பூ வைத்தது இன்னொருவரின் தாய்க்கு. என் அப்பா சுவருக்குப் பின்னால் இருக்கிறார். அவரும் இதே கோயில். இந்த அம்மாவுக்கு மணி அடித்தவரே அவர்தான், அவருக்கு அடிக்கவில்லை, பூட்டியது எங்கள் சாமியார்.

வெள்ளைக்காரர் சுவரைப் பார்த்தார். அதை அரசாங்கம் கட்டியதா, ஊர்க்காரர்கள் கட்டியதா என்று கேட்டார். சாமியார், பழைய வழக்கம் என்றார். வெள்ளைக்காரர் என்னிடம் மெதுவாக, புரியும்படி சொன்னார். அவர் பார்க்க வந்தது பெரும்பான்மையும் அரசாங்கமும் சிறுபான்மைக்கு என்ன செய்கிறார்கள் என்பதை. ஒரு சிறுபான்மை தனக்குள்ளே செய்துகொள்வது அவருடைய பரிந்துரைகளுக்குள் வராது. மிகவும் வருந்துகிறேன் என்றார். உண்மையாகவே வருந்தினார், கண்ணில் தெரிந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார்தான். ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், வண்டி போகாது என்று செயலாளர் சொன்னார். மில்காரர் வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தது. சாப்பிட்டதும் வல்லக்கோட்டை வழியாகத் திரும்ப வேண்டும், முருகன் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் நேரமாகும். எல்லாரும் போய்விட்டார்கள்.

நான் ஏரிக்கரையைச் சுற்றிச் சந்து வழியாக அப்பாவிடம் போனேன். அவர் தலைமாட்டில் சிலுவைகூட இன்னும் நடவில்லை. உட்கார்ந்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் குடத்துத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து எட்டிப் பார்த்தேன். மில்காரர் வீட்டு வேலையாள் அந்த மண்மேட்டைச் சுற்றிக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான். காலனிக்காரன் பெயரைச் சொல்லிப் பூ வைத்த இடம் அல்லவா, தீட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கின வீடு அது. கழுவி முடித்து, அந்த மல்லிகையை ஒரு குச்சியால் தூக்கிச் சுவருக்கு இந்தப் பக்கம் எறிந்தான். அது முள்ளுச்செடியில் மாட்டிக்கொண்டது. நான் அதை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ரோஷப்பட்டு வீட்டில் உட்கார எங்களுக்கு நிலம் நீச்சு இல்லை. செயலாளர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. எங்கள் ஊர் அதில் ஒரு பத்தியில் வந்தது. திருவிழாவை முன்னிட்டு ஒரு கிறிஸ்தவருக்குத் துக்கமணி மறுக்கப்பட்டது, அவ்வளவுதான். அதன் தமிழையும் நான்தான் அடித்தேன். ஒரு எழுத்துக்கூடக் கிழியவில்லை.

அதே மழைக்காலத்தில் சாமியாரும் மில்காரரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். காலனிக்குள் மில்காரர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அவருடைய மாமனார் இழுத்துக்கொண்டு கிடந்தார். மணி அடிக்க ஆள் இல்லை. ஊர்த்தெருவில் எவனும் கயிற்றைத் தொட மாட்டான், காலனியில் எவனும் சம்மதிக்கவில்லை. அப்பாவிடம் கற்றுக்கொண்டவன் தம்பிதான், அவனை அனுப்பச் சொன்னார்கள். உன் புருஷன் அடித்த மாதிரி ஒரு மணி வராது என்று மில்காரர் அம்மாவிடம் புகழ்ந்தார். தம்பி ஷிஃப்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தவனை அம்மா கையமர்த்தினாள். உட்காருங்கள் என்றும் அவர்களிடம் சொல்லவில்லை.

“ஆளு கெடைக்கிற வரிக்கும் உங்க தெருவுல யாரும் சாவாம பாத்துக்கோங்க சாமி” என்றாள்.

சாமியார் முகம் வெளுத்துவிட்டது. மில்காரர் திரும்பி நடந்தார்.

மாமனார் அந்த வாரமே போய்விட்டார். வாலாஜாபாத்திலிருந்து யாரோ ஒருவனைக் கூலிக்குப் பிடித்து வந்தார்கள். அவன் பள்ளிக்கூடம் விட்டது மாதிரி டங் டங்கென்று இழுத்துத் தள்ளினான். வயலில் இருந்தவர்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், முதல் அடி விழுந்ததுமே அவள் உதடு மந்திரத்தைத் தொடங்கிவிட்டது. அடுத்த அடி வந்து அதை நடுவில் வெட்டியது. மறுபடி தொடங்கினாள், மறுபடி வெட்டியது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பாதி மந்திரத்துல இஸ்துகினு கீறான்” என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும், பெட்டி பெரிய ரோட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் சிரித்தாள்.